நீலம் வந்த வருஷம்

நம் வயசுக்காரர்கள் நாலு பேர் எங்கே கூடினாலும் பேச்சு கடைசியில் ரத்தப் பரிசோதனையில்தான் வந்து நிற்கிறது. சாப்பிடும் முன் எவ்வளவு, சாப்பிட்ட பின் எவ்வளவு, கிரியாட்டினின் எத்தனை என்று பள்ளிக்கூட மார்க்கைப் போல ஒப்பித்துக்கொள்கிறோம். எனக்கு இரண்டும் இருக்கிறது, சர்க்கரையும் சிறுநீரகமும். உங்களிலும் சிலருக்கு இருக்கிறது. போன வாரம் உங்களில் ஒருவர் சிரித்த முகமாக வந்து, "இன்சுலின் பாதியா குறைஞ்சிடுச்சு, இருந்தும் சுகர் ஏறல. வியாதி போய்க்கிட்டு இருக்கு போல" என்றார். நான் சிரிக்கவில்லை. நாளைக்கே சிறுநீரக டாக்டரைப் பாருங்கள் என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது. ஏன் அப்படி வெடுக்கென்று சொன்னேன் என்று அன்றே விளக்கியிருக்க வேண்டும். இப்போது எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். ஆவடியிலிருந்து கோவில்பதாகை போகிற பாதையில் எங்கள் வீடு. ஓடு போட்ட ஒரே அறை, பின்னால் தகரம் இறக்கிய சமையல்கட்டு. அப்பாவின் தகப்பன் வரைக்கும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். அப்பாதான் முதன்முதலாகத் தொழிற்சாலைக்குள் போனவர், ஃபிட்டர். எனக்கு அப்போது பதினொரு வயது. அக்காவுக்கு இருபது. நடுவில் பிறந்த இரண்டும் தங்கவில்லை.

அக்காவுக்கு ஒன்பது வயதில் சர்க்கரை வந்தது. அந்த வயதில் வரும் என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, ஒரே மாதத்தில் குச்சியாகிப் பெரியாஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்து பிழைத்தாள். அதற்கப்புறம் தினம் ஊசி. கண்ணாடி ஊசிக்குழல் ஒன்று, அதை வைக்க அலுமினியப் பெட்டி. காலையில் அடுப்பில் முதலில் ஏறுவது காபித் தண்ணீர் இல்லை, அந்தக் குழல் கொதிக்கும் சட்டிதான். ஊசிமுனை மழுங்கினால் அக்கா அதைச் சாணைக்கல்லில் மெல்லத் தேய்ப்பாள். மருந்துப் புட்டியைத் துணியில் சுற்றிப் பானைக்கு அடியில் ஈரமணலில் புதைத்து வைப்போம். தொடையில் அவளே குத்திக்கொள்வாள். குத்தும்போது என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாள். எனக்கு வலிக்கிறதா என்று அவள் கேட்பதுபோல இருக்கும்.

என் வேலை சோதனைக்குழாய். ஏழு வயதிலிருந்து அது என் பொறுப்பு. கடையில் வாங்கிய நீல மருந்தைக் குழாயில் ஊற்றி, அக்காவின் சிறுநீரில் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்ட வேண்டும். கொதித்ததும் நிறம் மாறும். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே இருக்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, அப்புறம் மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல். எங்களுக்கு வாய்த்ததெல்லாம் ஆரஞ்சும் செங்கல்லும்தான். அந்த வாடையும் ஸ்பிரிட் வாடையும் கலந்து என் பாவாடையிலேயே இருக்கும். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிறவள் மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

அப்பா நிறம் பார்த்துவிட்டுத்தான் ஷிப்டுக்குக் கிளம்புவார். செங்கல் என்றால் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுக்கமாட்டார்.

"இன்னா துன்னே நேத்து?"

"ஒண்ணும் துன்னல நைனா."

"பொய் சொல்லாதே. துன்னாம எப்டி ஏறும்?"

வியாதி அவள் வாயில்தான் இருக்கிறது என்று அவர் நம்பினார். ஒரு கல்யாண வீட்டிலிருந்து வந்த தட்டில் லட்டு ஒன்று குறைந்தது. மறுநாள் செங்கல். அப்பா அவளை ஓங்கி அறைந்தார். லட்டைத் தின்றவள் நான். அக்காவுக்கு அது தெரியும், என் வாயோரத்தில் துகள் ஒட்டியிருந்ததை அவள்தானே துடைத்துவிட்டாள். கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

அவள் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ரேடியோவுக்கான சின்னக் காயில்களில் முடி போன்ற செப்புக்கம்பியைச் சுற்றும் வேலை. காலை ரயிலில் போய் மாலை ரயிலில் வருவாள். விரல் நுனியெல்லாம் வார்னிஷ் மணக்கும். அறுந்த கம்பித் துண்டுகளை எனக்குக் கொண்டுவருவாள், நான் மோதிரம் பண்ணிப் போட்டுக்கொள்வேன். ஒன்றுகூட இன்று என்னிடம் இல்லை.

அந்த வருஷம் ஆடி கழிந்ததும் குழாயில் ஆரஞ்சு வருவது நின்றது. மஞ்சள் வந்தது, பிறகு பச்சை. ஆவணியில் ஒரு காலை, எவ்வளவு நேரம் தீயில் காட்டினாலும் நீலம் மாறவேயில்லை. மருந்து கெட்டுவிட்டதோ என்று புதுப் புட்டி உடைத்துப் பார்த்தேன். அதுவும் நீலம்.

அப்பா குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நீலம்டீ" என்றார் அம்மாவிடம். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பெருமை முழுவதும் அத்தைக்குப் போனது. அத்தை அப்பாவின் அக்கா, வெள்ளானூரில் இருந்தாள். பூந்தமல்லிப் பக்கம் யாரோ தந்த பொடி என்று ஏதோ ஒரு கசப்புப் பொடியை இரண்டு மாதமாக அக்காவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "நான் சொல்லல? பதினோரு வருசமா ஊசி குத்தினீங்களே, இன்னா ஆச்சு?" என்று தெருவில் நின்று எல்லோருக்கும் சொன்னாள்.

அக்காவின் முகமும் மாறியது. ஒட்டிய கன்னம் உப்பி, கண்ணுக்குக் கீழே சதை பூசினாற்போல் ஆனது. தண்ணிக் குழாயடியில் பெண்கள் அம்மாவைப் பிடித்துக்கொண்டு, "உன் பொண்ணுக்கு இப்பத்தான் ஒடம்பு தேறிக்கினு வருது. கல்யாணக் களை வந்துட்ச்சு" என்றார்கள். அம்மா அன்று மாலை அவளுக்குத் திருஷ்டி கழித்தாள்.

எனக்கு மட்டும் ஒன்று தெரிந்தது. தினமும் சிறுநீர்க் கிண்ணத்தைக் கையில் எடுக்கிறவள் நான்தானே. நுரை. பால் கறந்தாற்போல் நுரைத்து நிற்கும், அடங்காது. அம்மாவிடம் சொன்னேன்.

"நொரை நொரையா கீதும்மா."

"சோப்பை ஒழுங்கா கழுவமாட்டே. சாம்பல் போட்டுத் தேய்."

தேய்த்தேன். விரல் தோல் உரியத் தேய்த்தேன். நுரை போகவில்லை. என் கைதான் சுத்தமில்லை என்று நினைத்து, அப்புறம் யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

இன்னொன்று எங்களுக்கு விளையாட்டாகவே இருந்தது. சாயங்காலம் அக்கா காலை நீட்டிக்கொண்டு உட்காருவாள். கெண்டைக்காலில் என் கட்டைவிரலை அழுத்தி எடுத்தால் மாவில் பதிந்தது போல் குழி விழும். அது நிரம்பும் வரைக்கும் இரண்டு பேரும் சேர்ந்து எண்ணுவோம். முதலில் பத்து. புரட்டாசியில் முப்பது தாண்டியது. "நீ நாப்பது வரைக்கும் எண்ணத் தெரிஞ்சவதானே" என்று சிரிப்பாள். அவள் செருப்பு அவளுக்குச் சேராமல் போனது. அம்மாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு ரயிலுக்கு ஓடினாள்.

ஊசி போட்ட சில நாட்களில் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது, வார்த்தை குழறியது. எங்கள் தெருமுனை டிஸ்பென்சரியின் கம்பவுண்டர்தான் ஆரம்பத்தில் எங்களுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தவர். அவரிடம் ஓடினேன். "சர்க்கரை இறங்கிப்போச்சு பாப்பா. அந்த மாதிரி வந்தா ஒரு வாய் சர்க்கரை போட்டுடு, யாரையும் கேக்காதே. ஊசியும் கம்மி பண்ணணும், நைனாவை வந்து என்னைப் பாக்கச் சொல்லு" என்றார். ஏன் இறங்குகிறது என்று அவருக்கும் தோன்றவில்லை. அப்பா போய்ப் பார்க்கவும் இல்லை.

ஐப்பசியில் அத்தை ஒரு மாப்பிள்ளை கொண்டுவந்தாள். வானகரத்துப் பையன், லாரி மெக்கானிக், அம்மா மட்டும்தான் இருக்கிறாள். அப்பா இரண்டு நாள் யோசித்துச் சரி என்றார். அக்கா சமையல்கட்டிலிருந்து வந்து நின்றாள்.

"நைனா, அவங்களாண்ட சக்கரை வியாதின்னு சொல்லிடுங்க."

"அதான் போய்ட்ச்சே. போனதை இன்னாத்துக்கு சொல்லணும்?"

"ஊசி போட்டுக்கினுதானே கீறேன்?"

"கல்யாணத்துக்குள்ள அதையும் நிறுத்திடலாம். நீ சொம்மா இரு."

அவர் கெட்டவர் இல்லை. பதினொரு வருஷம் ஒரு நாள்கூட ஊசிமருந்து தவறாமல் பார்த்துக்கொண்டவர். மழையில் தண்டவாளத்தோடு நடந்து போய் மருந்து வாங்கி வந்திருக்கிறார். அந்த நீலத்துக்காக அத்தனை வருஷம் காத்திருந்தார். அது வந்துவிட்டது. அதை அவரிடமிருந்து யாராலும் பிடுங்க முடியவில்லை.

பெண் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார்கள். அன்று அக்காவுக்கு எதுவும் இறங்கவில்லை. சோறு, காபி எல்லாமே துருவாடை அடிக்கிறது என்றாள். இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். "ஊசியைப் பாதி போட்டுக்கவா நைனா?" என்று கேட்டாள். "இன்னைக்கு ஏதாவது ஏறி மயக்கம் கியக்கம் வந்து மானம் போவணுமா? முழுசா போடு" என்று அப்பா பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

மாப்பிள்ளை, அவன் அம்மா, தாய்மாமன். மூன்று பேரும் இரவல் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அவர்கள் முன்னால் கேசரியும் காராபூந்தியும். அக்கா பச்சைப் புடவையில் வந்து கும்பிட்டுவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளையின் அம்மா பேர் கேட்டாள். அக்கா பதில் சொல்லவில்லை. சிரித்தாள். மறுபடி கேட்டதற்கும் சிரித்தாள். மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை. "பொண்ணு வெக்கப்படுது" என்றாள் அத்தை. அக்கா தலையை மெல்ல ஆட்டத் தொடங்கினாள். வாயிலிருந்து ஏதோ சத்தம் வந்தது, அது பேச்சில்லை.

எனக்குத் தெரிந்துவிட்டது. கேசரித் தட்டு என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அப்பாவைப் பார்த்தேன். அவர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். அவளுக்கு எல்லார் முன்னாலும் இனிப்பை ஊட்டினால் இது என்ன என்று கேட்பார்கள். அத்தை எழுந்து, "ஆத்தா வந்துகிறா, வேப்பெலை கொண்டாங்க" என்று கத்தினாள். அம்மா வேப்பிலைக்கு ஓடினாள். மாப்பிள்ளையின் அம்மா கைகூப்பிக்கொண்டு எழுந்தாள். நான் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன். வேப்பிலை வந்து, விபூதி பூசி, அத்தை குறி கேட்கும் வரைக்கும் நின்றேன். அக்காவின் கை இழுத்துக்கொண்டது, கண் மேலே செருகி, பாயில் சாய்ந்து உடம்பு வெட்டியது.

அப்போதுதான் தட்டைப் பிடுங்கினேன். மாப்பிள்ளை தொட்டு வைத்த கேசரி. அவள் பல்லை விலக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக உதட்டுக்குள் தேய்த்தேன். அப்பா என் தோளைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை, அவர் கையைக் கடித்தேன்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். அக்கா கண் விழித்தாள். முகமெல்லாம் விபூதியும் நெய்யும். சுற்றிலும் பார்த்தாள். எழுந்து உட்கார்ந்து புடவையைச் சரி செய்துகொண்டு மாப்பிள்ளையின் அம்மாவிடம் நேராகச் சொன்னாள்: "சாமியும் இல்ல பேயும் இல்லம்மா. எனக்கு ஒம்போது வயசுலேர்ந்து சக்கரை வியாதி. தெனம் ஊசி போட்டுக்கிறேன். நீங்க வேற எடம் பாருங்க."

அந்தம்மா கொண்டுவந்த பூவைத் திருப்பி எடுக்காமல் அங்கேயே வைத்துவிட்டுப் போனாள். அந்த மரியாதையை நான் மறக்கவில்லை. அப்பா பத்து நாள் என்னிடம் பேசவில்லை.

பெரியாஸ்பத்திரிக்குப் போனது அதற்கும் பிறகு, அக்காவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியபோது. ரத்தம் எடுத்தார்கள், காலை அழுத்திப் பார்த்தார்கள். இளம் டாக்டர்தான். அப்பாவையும் அம்மாவையும் உட்கார வைத்துச் சொன்னார். நான் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன்.

"கிட்னி ரெண்டும் போயிடுச்சுங்க. சர்க்கரை வியாதி பல வருஷம் இருந்தா இப்படி ஆகும். மூத்திரம் நுரைக்கும், முகம் கால் வீங்கும்."

"சக்கரை போயிட்ச்சே சார். நீலம் வந்துட்ச்சே."

"கிட்னி நல்லா இருந்தா ஊசி மருந்தைக் கொஞ்ச நேரத்துல வெளியே தள்ளிடும். இப்போ மருந்து உள்ளேயே தங்குது. அதனாலதான் சர்க்கரை இறங்குது. நீலம் வர ஆரம்பிச்சப்பவே இங்க வந்திருக்கணும்."

அப்பா ரத்தத்தைச் சுத்தம் பண்ண ஏதோ மெஷின் இருக்கிறதாமே என்று கேட்டார். எங்கோ ஒன்றிரண்டு இடத்தில் இருக்கிறது, சர்க்கரை உள்ளவர்களை அதில் எடுப்பதில்லை, உடம்பு தாங்காது என்றார் டாக்டர். "அப்ப என்னுது ஒண்ணு எடுத்து வெச்சிடுங்க சார். எனக்கு ஒண்ணு போதும்." அதற்கும் அதே பதில்தான். அப்பா அதையே மூன்று தடவை கேட்டார், ஒவ்வொரு தடவையும் சட்டையைத் தூக்கி விலாவைக் காட்டிக்கொண்டு. டாக்டர் மூன்று தடவையும் பொறுமையாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா நீல மருந்துப் புட்டியை எடுத்துக்கொண்டு போய் வாசல் சாக்கடையில் கவிழ்த்தார்.

உங்களுக்கு இன்று சாப்பாட்டுப் பட்டியல் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். அம்மாவுக்கு வாயால் சொன்னதுதான். சர்க்கரைக்காக அரிசியைக் குறைத்துப் பருப்பும் கீரையும் முட்டையும் கொடு என்று பதினொரு வருஷம் சொல்லியிருந்தார்கள். இப்போது கிட்னிக்காகப் பருப்பு கூடாது, முட்டை கூடாது, கீரை கூடாது, உப்பு கூடவே கூடாது. அம்மா அடுப்பு முன்னால் வெறும் சட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "அதுக்கு ஆவறது இதுக்கு ஆவாது. இதுக்கு ஆவறது அதுக்கு ஆவாது. என் பொண்ணு இன்னாதான் துன்னும்?" யாரைக் கேட்கிறாள் என்று தெரியாது. உப்பில்லாத கஞ்சியை அக்கா இரண்டு வாய் குடித்துவிட்டு, "நல்லாகீதும்மா" என்பாள்.

தண்ணீர் ஒரு நாளைக்கு மூன்று டம்ளர். அவள் உதடு வெடித்து ரத்தம் வரும். அப்பா சோடாக்கடையிலிருந்து மரத்தூளில் சுற்றிய ஐஸ் கட்டி வாங்கி வந்து, சுத்தியலால் உடைத்து, கடலை அளவு துண்டு ஒன்றை அவள் நாக்கில் வைப்பார். அது கரைகிற வரைக்கும் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அறுபது மைல் தூரத்தில் ஒரு வைத்தியர், மாங்காட்டில் ஒரு வேண்டுதல், ஒரு பாதிரியாரின் எண்ணெய், யார் எதைச் சொன்னாலும் அப்பா சைக்கிளை எடுத்தார். அத்தை மட்டும் வரவில்லை. அந்தப் பொடியால்தான் எல்லாம் என்று அப்பா அவள் வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்திருந்தார். பொடியால் வந்ததா இல்லையா, எனக்கு இன்றுவரை தெரியாது.

மார்கழியில் அவளால் படுக்க முடியாமல் போனது. படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்தால் முதுகு வலித்தது. தலையணைகள் எங்களிடம் இரண்டுதான். அப்பா தொழிற்சாலைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, பாயில் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அவள் அவர் முதுகில் சாய்ந்துகொண்டாள். நாள் முழுவதும் அப்படியே இருப்பார்கள், ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு. முகம் தெரியாததால்தானோ என்னவோ, அப்போதுதான் இரண்டு பேரும் நிறையப் பேசினார்கள். பட்டறையில் காயில் எப்படிச் சுற்றுவது என்று அவள் சொல்வாள். இரும்பு ராவும் ஃபைலைப் பிடிக்கும் வித்தையை அவர் சொல்வார். ஒரு நாள் அப்பா, "அந்த லட்டுக்கு உன்ன அடிச்சேனே" என்றார், திடீரென்று. அக்கா, "வலிக்கல நைனா" என்றாள். நான் கதவோரம் உட்கார்ந்து கேட்டேன். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

தை பிறந்து ஐந்தாறு நாள் இருக்கும். காலை பதினொரு மணி, நல்ல வெயில். அப்பா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எங்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வானகரம் வழியாகப் பஸ்ஸில் எங்கோ போவதாக ஒரு கதை. அக்கா "ம்" கொட்டிக்கொண்டிருந்தாள். நான் ஐஸ் கட்டியைக் கழுவிக் கிண்ணத்தில் கொண்டுவந்தேன். அவள் தலை அவர் தோளில் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அப்பா இன்னும் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அவரை நிறுத்த மனம் வரவில்லை. நிறுத்தினால் அது நடந்துவிடும் என்று தோன்றியது. அம்மா வந்து பார்த்துவிட்டு அலறும் வரைக்கும் அவர் பஸ் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அதன் பிறகும் அவர் எழவில்லை. அவளை அவர் முதுகிலிருந்து எடுக்க நாலு ஆள் வேண்டியிருந்தது.

எனக்குப் பத்தொன்பது வயதானபோது பெண் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அப்பா வாசலில் போய் நின்றார்.

"என் பெரிய பொண்ணு சக்கரையும் கிட்னியும் சேந்து செத்துப்போச்சுங்க. நான்தான் கவனிக்கல. இவளுக்கும் நாளைக்கு வரலாம், வராமலும் போவலாம். கேட்டுக்கினு உள்ள வாங்க."

மூன்று குடும்பம் அப்படியே திரும்பிப் போனது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா கேட்கவில்லை. நான்காவதாக வந்த பெரியவர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வெயிலு ஜாஸ்தியா கீது, உள்ள போய் உக்காந்து பேசுவோம் வாங்க" என்று செருப்பைக் கழற்றினார். அப்பாவால் வழி விடக்கூட முடியவில்லை. நிலைப்படியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வந்த விருந்தாளிகள் முன்னால், குலுங்கிக் குலுங்கி அழுதார்.